கொச்சியில் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும்

மட்டாஞ்சேரியில், காயற்கரைக்கு அண்மையில், ஓடு வேய்ந்த பழைய அரண்மனை ஒன்று இருக்கிறது. நாலுகட்டு முறையில் அமைந்த கட்டடம். நடுமுற்றத்தில் பழையன்னூர்ப் பகவதியின் கோயில். உள்ளே இராமகாதையைத் தீட்டிய சுவரோவியங்கள். அங்கே செல்ல வழி கேட்போருக்கு ஊரார் ‘டச்சு அரண்மனை’ என்று சொல்லியே வழி காட்டுவர். ஆனால் அதை முதலில் எழுப்பியவர்கள் டச்சுக்காரர் அல்லர். 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரளவர்மாவுக்கு அளித்த மாளிகை அது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்து விரிவுபடுத்தினர். பெயர் அவர்களைச் சேர்ந்துவிட்டது.

அந்த அரண்மனைக்குள் நின்றுகொண்டு, காற்று வரும் திறப்பைச் சுட்டி, ‘இதற்கு என்ன பெயர்?’ என்று கேட்டுப் பாருங்கள். மலையாளியும் ‘ஜன்னல்’ என்பார். தமிழரும் ‘சன்னல்’ என்பார். அச்சொல் போர்த்துக்கீசியருடையது. கட்டடத்தின் பெயர் ஒருவருக்கு, சாளரத்தின் பெயர் மற்றொருவருக்கு என்று பங்கிட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது. ஒரே கோட்டையில் வாழ்ந்து, ஒரே மிளகை வாங்கி, ஒரே கடலில் கப்பலோட்டிய இவ்விரு நாட்டாரும் இத்துணை வேறுபட்ட சுவடுகளை விட்டுச்செல்லக் காரணம் யாது? இதுவே நாம் ஆராயப் புகும் பொருள்.

கொச்சி மிகப் பழைய துறைமுகம் அன்று. சங்கப் புலவர் பாடிய முசிறியே இக்கரையில் புகழ்பெற்றிருந்த பழந்துறை. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் அப்பகுதியின் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தை ஆழப்படுத்தியது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அந்தப் புதிய துறைக்கு 1500ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கப்ரால் என்பவரின் தலைமையில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் வந்துசேர்ந்தன. கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கு அஞ்சி வாழ்ந்த கொச்சி மன்னர் அவர்களை வரவேற்றார். 1503இல் அவர்கள் இங்கே எழுப்பிய கோட்டையே இந்திய மண்ணில் ஐரோப்பியர் கட்டிய முதற் கோட்டையாகும். 1530இல் தலைநகர் கோவாவுக்கு மாறும் வரையில் கீழ்த்திசையில் போர்த்துக்கல் ஆட்சியின் தலைமையிடம் பெரும்பாலும் கொச்சியாகவே இருந்தது. 1663 ஜனவரியில் டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயரிடம் அவர்கள் சரணடைந்தனர். ஆக, முன்னவர் நூற்றறுபது ஆண்டும் பின்னவர் நூற்றுமுப்பத்திரண்டு ஆண்டும் இங்கே நிலைபெற்றிருந்தனர். ஏறக்குறைய ஒத்த காலந்தான்.

முதலில் அவர்கள் தொழில் செய்த முறையைக் காண்போம். போர்த்துக்கீசியர் தம் அரசரின் பெயரால் வந்தவர்கள். மிளகு வாணிகம் அரசரின் உரிமை, கப்பல் அரசருடையது, வெற்றியும் அரசருக்கே. கோட்டைத் தலைமை போன்ற பதவிகள் பிரபு குலத்தாருக்குப் போரில் காட்டிய வீரத்திற்குப் பரிசாக, வழக்கமாக மூன்றாண்டுக்கு, அளிக்கப்பட்டன. அம்மூன்றாண்டுக்குள் தமக்கும் தம் குடும்பத்துக்கும் வேண்டியதைத் தேடிக்கொள்வது பதவியோடு கூடவே வந்த உரிமைபோல் கருதப்பட்டது. கடலில் செல்லும் பிற நாட்டுக் கப்பல்கள் அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். சீட்டில்லாக் கப்பல் பறிமுதலாகும். கணக்கைவிட மானமும், விலையைவிட வாளும் முன்னிற்கும் தொழில்முறை அது.

டச்சுக்காரரை அனுப்பியது ஓர் அரசர் அல்லர், ஒரு கம்பெனி. 1602இல் ஹாலந்து நாட்டு வணிகர் பலர் பங்குப் பணம் சேர்த்து நிறுவியது அக்கம்பெனி. பதினேழு பேர் கொண்ட குழு அதை நடத்தியது. அவர்களின் கீழ் ஜாவாத் தீவில் படேவியாவில் ஒரு தலைமை. அதன் கீழ் கொச்சி. இங்கிருந்த தளபதி முதல் கடைநிலை எழுத்தர் வரை யாவரும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட சம்பளக்காரர்கள். பதவிப் பெயர்களே ‘மூத்த வணிகர்’, ‘இளைய வணிகர்’ என்றிருந்தன. பதவி விட்டுச் செல்லும் தளபதி தம் பின்னவருக்கு நாட்டு நடப்பு, மன்னர்களின் இயல்பு, மிளகின் விலை, பாக்கிக் கணக்கு அனைத்தையும் விளக்கி நீண்ட குறிப்பு எழுதி வைக்கவேண்டும் என்பது விதி. 1743இல் ஸ்டைன் வான் கொலனெஸ்ஸும், 1781இல் ஆட்ரியான் மோயென்ஸும் அவ்வாறு எழுதிய குறிப்புகள் இன்று கேரள வரலாற்றுக்குப் பெருஞ்செல்வமாக விளங்குகின்றன. கொச்சியின் டச்சு ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருவது தமிழர்கள் அறிந்திருக்கவேண்டிய செய்தி.

இந்த வேறுபாட்டை இரண்டு மணிமுடிகள் நன்கு காட்டும். 1505இல் போர்த்துக்கீசிய அரசப் பிரதிநிதி அல்மேய்தா, தம் மன்னர் அனுப்பிய பொன்முடியைக் கொச்சி மன்னருக்குச் சூட்டினார். 1663இல் டச்சுத் தளபதி வான் கூன்ஸ் சூட்டிய முடியிலோ கம்பெனியின் சின்னம் பொறித்திருந்தது. ஓர் அரசர் மற்றோர் அரசருக்கு முடி அனுப்பிய காலம் போய், ஒரு வணிக நிறுவனம் அரசருக்கு முடி சூட்டும் காலம் வந்துவிட்டது. கோட்டையைக் கைப்பற்றியதும் டச்சுக்காரர் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, நகரத்தின் பெரும்பகுதியை இடித்துக் கோட்டையைச் சுருக்கியதாகும். பெரிய கோட்டைக்குப் பெரிய காவற்படை வேண்டும். பெரிய படைக்குப் பெருஞ்செலவு ஆகும். பெருமைக்காகக் கட்டியதைச் சிக்கனத்துக்காக இடித்தார்கள்.

இனி இல்லற வாழ்வைப் பார்ப்போம். போர்த்துக்கல் சிறு நாடு. ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்க அதனால் முடியாது. எனவே அல்புகெர்க் என்னும் தலைவர், தம் வீரர்கள் இந்நாட்டுப் பெண்களை மணந்து குடியேறுவதை ஊக்குவித்தார். மணம் முடித்துக் குடியேறியவர்கள் தனி வகுப்பாகவே மதிக்கப்பட்டனர். கொச்சியில் அத்தகைய குடும்பங்கள் பெருகி, மலாக்கா, வங்காளம், சீனம் வரையில் சொந்த வாணிகம் நடத்தின. மணப்பெண் கிறித்தவத்தைத் தழுவவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஆனால் அவள் சமையலையும் தாலாட்டையும் எவரும் தடுக்க இயலவில்லை. அவ்வீடுகளில் போர்த்துக்கீசியமும் மலையாளமும் கலந்து ஒரு புதுமொழி பிறந்தது.

டச்சுக் கம்பெனியின் ஊழியர் மணம் செய்துகொள்ள மேலதிகாரியின் அனுமதி பெறவேண்டும். ஆசியப் பெண்ணை மணந்தவர் அவளைத் தாய்நாட்டுக்கு அழைத்துச் செல்ல இயலாதவாறு கம்பெனி விதி தடுத்தது. தவணை முடிந்ததும் ஊர் திரும்புவதே பலருடைய நோக்கம். அப்படியும் அவர்களுள் பலர் இங்கேயே மணம் புரிந்தனர். மணந்த பெண்களுள் மிகுதியானோர் பழைய போர்த்துக்கீசியக் கலப்புக் குடும்பத்தவர். அதன் விளைவு விந்தையானது. வென்றவர்கள் டச்சுக்காரர்; அவர்கள் வீட்டில் ஒலித்ததோ தோற்றவர்களின் மொழி. தாயின் மடியிலிருந்து பிள்ளைகள் அதையே கற்றனர். கொச்சிச் சந்தையிலும் பல இனத்தார் ஒருவரோடொருவர் பேச அதுவே பொதுமொழியாயிற்று. அந்தக் கலப்பு மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2010இல்தான் வைப்பின் தீவில் காலமானார். போர்த்துக்கீசியக் கோட்டை விழுந்து 347 ஆண்டுகள் கழிந்த பின்பு!

சமயத் துறையில் இருவருக்குமிடையே இருந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேரளத்தில் கிறித்தவர் வாழ்ந்தனர். தம்முடைய முறையே சரியானது என்று கருதிய போர்த்துக்கீசியக் குருமார், 1599இல் உதயம்பேரூரில் கூட்டிய மாநாட்டில் அப்பழைய கிறித்தவர்களின் வழக்கங்கள் பலவற்றைத் தள்ளினர். அடக்கி வைத்த மனக்குமுறல் 1653 ஜனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் வெடித்தது. ஒரு சிலுவையில் கட்டிய கயிறுகளைப் பற்றிக்கொண்டு, இனி அக்குருமாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று மக்கள் சூளுரைத்தனர். மலையாளத்தில் ‘கூனன் குரிசு சத்தியம்’ எனப்படுவது இதுவே. அரண்மனைக்கு அடுத்துள்ள யூதர் தெருவிலும் கசப்பான நினைவு உண்டு. 1568இல் கட்டப்பெற்ற யூதர் தொழுகைக்கூடத்தை 1662இல் போர்த்துக்கீசியர் பாழ்படுத்தினர். டச்சு ஆட்சி வந்தபின் 1664இல் அது மீண்டும் செப்பனிடப்பட்டது.

இதைக் கொண்டு டச்சுக்காரர் பரந்த மனத்தினர் என்று முடிவு கட்டிவிடலாகாது. யூத வணிகரின் உதவி அவர்களுக்குத் தேவைப்பட்டது. போர்த்துக்கீசியரால் துன்புற்றவர் அனைவரும் அவர்களுக்கு இயல்பான நண்பர்கள். அதே டச்சுக்காரர் 1663இல் ஐரோப்பியக் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். சாந்தா குரூஸ் பேராலயத்தை ஆயுதக் கிடங்காக்கினர். வாணிகத்துக்கு இடையூறில்லாத சமயம் எதுவாயினும் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே அவர்கள் கொள்கை. எனினும் அந்தக் கணக்குப் பார்த்த பொறுமையின் நிழலிலும் பலர் அமைதியாக வாழ முடிந்தது என்பதை நாம் மறுக்கவேண்டியதில்லை.

அறிவுத் துறையிலும் இருவரும் தத்தம் நோக்கத்துக்கேற்பவே நடந்தனர். போர்த்துக்கீசியர் மறைபரப்ப மொழி கற்றனர். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தொண்டாற்றித் தமிழ் கற்ற அண்டிரிக்கி அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டே, 1579இல், ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் தமிழ் நூல் இதே கொச்சியில் அச்சேறியது. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சுக் கண்ட தமிழின் வரலாற்றில் கொச்சிக்கும் ஓர் இடம் உண்டு என்பது இங்கு வந்து குடியேறிய தமிழருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

டச்சுக்காரர் கேட்டது வேறு கேள்வி. ஹாலந்திலிருந்து கப்பலேற்றி வரவழைக்கும் மருந்துகளுக்குப் பதிலாக இந்நாட்டு மூலிகைகள் பயன்படுமா என்பது அவர்கள் கவலை. 1670களில் கொச்சித் தளபதியாயிருந்த வான் ரீடு அந்தக் கவலையை ஒரு பெரும் ஆராய்ச்சியாக வளர்த்தார். ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தம் குடும்பச் சுவடிகளிலிருந்து மூலிகை அறிவை எடுத்துரைத்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி அந்தணர் துணை நின்றனர். மத்தேயு என்னும் கார்மல் சபைத் துறவியும் உதவினார். அவர் டச்சுக்காரர் விலக்கிய கத்தோலிக்க சமயத்தவர்! மலையாளத்தில் சொல்லியதைக் கொச்சியில் வாழ்ந்த மானுவல் கார்னெய்ரோ போர்த்துக்கீசியத்தில் பெயர்த்தார். அதன்பின் அது இலத்தீன் ஆயிற்று. ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. தாவரவியலார் இன்றும் அதைப் போற்றுகின்றனர். டச்சுக்காரரின் தலைசிறந்த நூல் போர்த்துக்கீசிய மொழியின் பாலத்தைக் கடந்தே உருவாயிற்று என்பது நினைவில் இருக்கத்தக்கது.

இவ்வளவும் கேட்டபின், ‘போர்த்துக்கீசியரின் பிறவிக் குணம் இது, டச்சுக்காரரின் பிறவிக் குணம் அது’ என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் நாம் சற்று நிதானிக்கவேண்டும். இருவரும் ஒன்றுபட்ட இடங்கள் பல. மிளகு முழுவதையும் தமக்கே, தாம் வைத்த குறைந்த விலைக்கு, விற்கவேண்டும் என்று இருவருமே வற்புறுத்தினர். அதனால் இருவர் காலத்திலும் மிளகு கள்ளத்தனமாக வேறு துறைகளுக்கும், மாட்டின் முதுகேறி மலை கடந்து தமிழகத்துக்கும் சென்றுகொண்டே இருந்தது. சொந்த வாணிகம் கூடாதென்று கம்பெனி எத்தனை முறை ஆணையிட்டும் அதன் ஊழியர் மறைவாக அதை நடத்தியே வந்தனர். போர்த்துக்கீசியப் பிரபு வெளிப்படையாகச் செய்ததை டச்சு எழுத்தர் திரைமறைவில் செய்தார். அடிமை வாணிகத்திலும் இருவர் கையும் கறைபட்டதே. கொச்சியிலிருந்து டச்சுக் கப்பல்கள் அடிமைகளைப் படேவியாவுக்கும் நன்னம்பிக்கை முனைக்கும் கொண்டுசென்றன. மட்டாஞ்சேரியில் ‘காப்பிரி முத்தப்பன்’ என்ற பெயரில் மக்கள் விளக்கேற்றி வழிபடும் சிறு இடம் ஒன்று உண்டு. டச்சுக்காரர் வருவதறிந்து ஓடிய போர்த்துக்கீசியர், புதைத்த செல்வத்துக்குக் காவலாகத் தம் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று உடன் புதைத்தனர் என்பது அவ்வழிபாட்டின் பின்னுள்ள கதை. கதை எவ்வாறாயினும், பெயரற்ற அடிமையின் துயரத்தை இவ்வூர் மறக்கவில்லை.

குணம் பிறவியில் அன்று, வந்த நோக்கத்திலும் அமர்ந்த பணியிலும் இருக்கிறது என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்வே சான்று. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக் கம்பெனிப் படை தோற்றது. அப்போரை அடுத்துச் சிறைப்பட்டவர் தெலனாய் என்ற படைத்தலைவர். கம்பெனியின் சம்பளம் வாங்கிய அவர், பின்னர்த் திருவிதாங்கூர் மன்னரின் சேவையில் அமர்ந்து, அந்நாட்டுப் படையைப் புதுமுறையில் பயிற்றி, கோட்டைகளை வலுப்படுத்தி, இங்கேயே குடும்பத்தோடு வாழ்ந்து, 1777இல் மறைந்தார். கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தவணைக்கு வந்தவர் குடியிருக்க மனங்கொண்டதும், அவர் கல்லில் நம் மொழியும் ஏறிவிட்டது.

இரு நாட்டாரும் நமக்கு விட்டுச்சென்ற சொற்களை எண்ணிப் பார்த்தாலும் இவ்வுண்மை விளங்கும். சன்னல், சாவி, மேசை, அலமாரி, குசினி, கோப்பை, பேனா ஆகியவை போர்த்துக்கீசியச் சொற்களின் வழிவந்தவை. ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பதுபோல் இருக்கிறது. மிளகாயும் முந்திரியும் அன்னாசியும் அவர்கள் கப்பலில் வந்தவையே. டச்சுக்காரரிடமிருந்து வந்தவை சிலவே: சிறு நாணயமாகிய துட்டு, இலங்கைத் தமிழர் அலுவலகத்துக்கு வழங்கிய கந்தோர், இன்னும் கக்கூசு. குடியிருந்தவன் சொல் வீட்டில் தங்கியது. அலுவலுக்கு வந்தவன் சொல் பணப்பையிலும் அலுவலகத்திலும் தங்கியது.

கொச்சிக் கோட்டைப் பகுதியில் புனித பிரான்சிஸ் ஆலயம் இருக்கிறது. 1524இல் இவ்வூரில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்தது அங்கேதான். அவர் எலும்புகள் பின்னர்ப் போர்த்துக்கலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவ்வாலயத்தின் வடக்குச் சுவரில் போர்த்துக்கீசியரின் கல்லறைக் கற்களும் தெற்குச் சுவரில் டச்சுக்காரரின் கற்களும் பதிக்கப்பட்டு ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. வாழ்ந்த நாளில் பகைத்தவர்கள் இன்று ஒரு கூரையின் கீழ் எதிரெதிரே அமைதியாக இருக்கிறார்கள்.

அங்கிருந்து சிறிது தொலைவில் வேலி என்னுமிடத்தில், துணி வெளுக்கும் பொதுத்துறை ஒன்று உண்டு. அங்கே தொழில் செய்யும் வண்ணார் குடும்பங்கள் தமிழ் வழியினர். டச்சுக் கம்பெனியின் படையினருக்கு உடை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. அழைத்த கம்பெனி 1799இல் கலைந்துபோயிற்று. அழைக்கப்பட்டவர்களோ இன்னும் இங்கே இருக்கிறார்கள். மலையாள நாட்டில் மலையாளம் பேசி, வீட்டில் தமிழையும் காத்து வருகிறார்கள்.

பிழைப்புக்காக வேற்று மாநிலங்களில் வாழும் நாம் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பாடம் எளியது. நாம் எவரையும் வெல்ல வந்தவர்கள் அல்லர். ஆயினும் வந்த ஊரில் எப்படி வாழ்வது என்ற கேள்வி நமக்கும் உண்டு. டச்சுக்காரரின் ஒழுங்கான கணக்கும், பிறர் வழிபாட்டில் தலையிடாத பொறுமையும் நமக்கு வேண்டும். அவ்வூர் மக்களின் வீட்டோடும் மொழியோடும் கலந்து பழகிய போர்த்துக்கீசியக் குடியினரின் நெருக்கமும் வேண்டும். நம் முறையே உயர்ந்ததென்று பிறர் மேல் சுமத்தும் செருக்கும், மூட்டையைக் கட்டியபடியே நாளெண்ணிக் கழிக்கும் ஒட்டாமையும் வேண்டா. ஊரார் நம்மை எந்தப் பெயரால் அழைத்தாலும், அவர்கள் வீட்டுக்குள் நம் சொல் ஒன்றேனும் அன்போடு வழங்குமானால், அவ்வூரில் நாம் வாழ்ந்தோம் என்பதற்கு அதுவே போதிய சான்று.